ஒன்பது ஆண்டுகளாக யாரும் அழிக்காத பதிவு: கொழும்பு இணைய சேவை நிறுவனமொன்றின் நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

கொழும்பில் வணிக நிறுவனங்களுக்கு இணைய இணைப்பும் சேர்வர் இடவசதியும் வழங்கும் நடுத்தர நிறுவனமொன்றில் நடந்ததை இந்த ஆய்வு தொடக்கம் முதல் முடிவு வரை பதிவு செய்கிறது. வலையமைப்புப் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நிறுவனங்களின் பெயர்களும் உண்மையான இலக்கங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. அவற்றுக்குப் பதிலாக, ஆவணங்களில் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்துவதற்கென்றே ஆர்எஃப்சி 5737, ஆர்எஃப்சி 5398 ஆகிய இணையத் தொழில்நுட்ப ஆவணங்கள் ஒதுக்கியுள்ள இலக்கங்களைக் கையாண்டுள்ளேன். எமது ஏஎஸ் இலக்கம் (இணையத்தில் ஒரு வலையமைப்பை அடையாளம் காட்டும் எண்) 64500, பின்னர் வரும் சிங்கப்பூர் சேவை நிலையத்தினுடையது 64501, மூன்றாவது நிறுவனத்தினுடையது 64502 எனக் கொள்க.

பின்னணி

இணையத்தில் ஒரு முகவரித் தொகுதி எங்கே இருக்கிறது என்பதை வலையமைப்புகள் பிஜிபி நெறிமுறை மூலம் ஒன்றுக்கொன்று அறிவிக்கின்றன. அறிவிப்பவர் அந்த முகவரிகளுக்கு உரியவர்தானா என்பதைச் சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் அந்த நெறிமுறைக்குள் இல்லை. ஆகவே எம் போன்றவர்களை உலக இணையத்தோடு இணைக்கும் மேலிணைப்பு வழங்குநர்களும், வலையமைப்புகள் நேரடியாகச் சந்திக்கும் இணையப் பரிமாற்ற நிலையங்களும் ஐஆர்ஆர் எனப்படும் வழிப் பதிவேடுகளைப் பார்த்து, இன்ன ஏஎஸ் இன்ன தொகுதியை அறிவிக்கலாம் என்ற வடிகட்டிகளைத் தயாரிக்கின்றன. பெரும்பாலான இடங்களில் பிஜிபிக்யூ4 போன்ற ஒரு கருவி ஒவ்வோர் இரவும் பதிவேட்டை வாசித்து வடிகட்டியைப் புதிதாக எழுதிவிடுகிறது. மனிதக் கண் அதைப் பார்ப்பதில்லை.

இப்பதிவேடுகள் ஒன்றல்ல, பல. 1995 இல் தொடங்கிய ராட்பி போன்றவற்றில், முகவரியின் உரிமையாளர் அல்லாத ஒருவரும் நீண்ட காலம் பதிவிட முடிந்தது. ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏப்னிக் போன்ற, முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் பிராந்தியப் பதிவகங்கள் நடத்தும் பதிவேடுகளிலோ, தமது பிராந்திய முகவரிகளுக்கான பதிவுகளை உரிமையாளரோடு பொருத்திப் பார்க்க முடிகிறது. இந்த வேறுபாட்டின் பாரத்தை உணர்ந்துதான் ஐரோப்பாவை உள்ளடக்கிய பிராந்தியத்துக்கான ரைப் பதிவகம் 2018 இல் தனது பிராந்தியத்துக்கு வெளியிலுள்ள முகவரிகளின் பதிவுகளைத் தனியே பிரித்து வைத்தது. வட அமெரிக்காவுக்கான ஆரின் பதிவகம் தனது உறுதிப்படுத்தப்படாத பதிவேட்டை 2022 ஏப்ரலில் மூடியது. எனினும் பழைய பதிவுகள் வேறு பல பதிவேடுகளில் இன்றும் கிடக்கின்றன.

எமது நிறுவனம் 2016 இல் கொழும்பிலிருந்த சிறிய இணையத்தள விருந்தோம்பல் நிறுவனமொன்றைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அதனுடன் 1,024 முகவரிகள் கொண்ட ஒரு /22 தொகுதியும் வந்தது (சாய்கோட்டின் பின்வரும் எண் கூடக் கூடத் தொகுதி சிறிதாகும்). ஏப்னிக்கில் உரிமை மாற்றம் முறையாகப் பதிவானது. 64500 என்ற எமது இலக்கத்தில் அத்தொகுதிக்குப் புதிய ரவுட் ஒப்ஜெக்ட்டும், அதாவது வழிப் பதிவும், போடப்பட்டது. அந்தச் சிறிய நிறுவனம் அதற்கு முன்னர் தனது சேர்வர்களில் ஒரு பகுதியைச் சிங்கப்பூரிலுள்ள சேவை நிலையமொன்றில் வைத்திருந்தது. அந்நிலையம் /22 இன் ஒரு கால் பகுதியான 203.0.113.0/24 ஐத் தனது சொந்த இலக்கத்தில் அறிவித்து வந்தது. இணைப்பின்போது அந்த உடன்படிக்கை முடிவுக்கு வந்தது, சேர்வர்கள் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டன, சிங்கப்பூர் அறிவிப்பு நிறுத்தப்பட்டது. அங்கே எழுதப்பட்டிருந்த பதிவைப் பற்றி இரு தரப்பிலும் யாரும் கேட்கவில்லை. உடன்படிக்கை முடிவுக்கான ஆவணத்தில் அதற்கு ஒரு வரிகூட இருக்கவில்லை.

முதல் அறிகுறிகள்

பல ஆண்டுகள் கழித்து ஒரு நாள், தேயிலை ஏற்றுமதி நிறுவனமொன்றின் ஆவணப் பிரிவிலிருந்து எமது உதவி மையத்துக்கு முறைப்பாடு வந்தது. கப்பல் ஏற்றுச் சீட்டுகளையும் தரச் சான்றிதழ்களையும் கொள்வனவாளர்கள் பார்வையிடும் அவர்களுடைய தளம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் திறக்கவில்லை என்றார்கள். உதவி மையத்தினர் கொழும்பிலிருந்து சோதித்தபோது தளம் உடனே திறந்தது. சேர்வரும் இணைப்பும் சீராக இருந்தன. கொள்வனவாளர் பக்கக் கோளாறு எனக் குறித்து முறைப்பாடு மூடப்பட்டது. இந்த முடிவை நான் குறையாகச் சொல்லவில்லை. உள்ளூரிலிருந்து பார்ப்பவருக்கு இத்தகைய பழுது தென்படவே தென்படாது.

பிற்பகலில் வேறொரு வாடிக்கையாளரிடமிருந்து அதே தன்மையுள்ள முறைப்பாடு வந்தபோது, இரண்டின் முகவரிகளும் ஒரே /24 க்குள் இருப்பதைக் கவனித்தவர் பிரிவில் சேர்ந்து அதிக காலம் ஆகாத இளம் பொறியியலாளர் ஒருவர். அவர் சிங்கப்பூரிலுள்ள பொது லுக்கிங் கிளாஸ் (அங்குள்ள ரவுட்டருக்கு எந்த வழிகள் தெரிகின்றன எனக் காட்டும் தளம்) ஒன்றைத் திறந்து அந்த முகவரியைத் தேடினார். நாம் அறிவிப்பது /22 மட்டுமே. அங்கே தெரிந்ததோ 203.0.113.0/24, அதை அறிவிக்கும் மூல இலக்கம் 64501.

பிஜிபியில் குறுகிய தொகுதியே எப்போதும் வெல்லும். 2008 பெப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகொம் 208.65.153.0/24 ஐ அறிவித்தபோது, யூடியூப் அறிவித்து வந்த 208.65.152.0/22 உலகின் பெரும் பகுதியில் செயலற்றுப்போனது இதே காரணத்தால்தான். எமது விடயத்தில் பாதிப்பு அந்த அளவுக்குப் பரவவில்லை. 64501 இன் அறிவிப்பு சிங்கப்பூர் பரிமாற்ற நிலையமொன்றில் உறுப்பினர்களிடையே அறிவிப்புகளைப் பகிரும் ரவுட் சேர்வர் வழியாகவே சென்றது. அங்கே இணைந்திருந்த வலையமைப்புகளும் அவற்றின் வாடிக்கையாளர்களும் மட்டுமே அதை ஏற்றன. மற்றைய இடங்களில் /22 வழமைபோல் இயங்கியது. இந்தப் பகுதியளவுத் தன்மையே பழுதை நாள் முழுவதும் மறைத்தது.

பதிவைக் கண்டடைதல்

ரவுட் சேர்வர் அந்த அறிவிப்பை ஏன் ஏற்றது என்ற கேள்விக்குப் பதிவேடுகளில் செய்த ஹூஈஸ் தேடல் விடை தந்தது. மூன்றாம் தரப்புப் பதிவேடு ஒன்றில் ஏழெட்டு வரிகளில் ஒரு பதிவு இருந்தது. தொகுதி 203.0.113.0/24, மூலம் 64501. விவரணை வரியில் வாடிக்கையாளர் சார்பில் இடப்பட்ட பதிவு என எழுதப்பட்டிருந்தது. இறுதியாக மாற்றிய ஆண்டு 2011. அறிவித்தல் அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் முகவரியோ, 2016 இல் எம்மோடு இணைந்து மறைந்துபோன அந்தச் சிறிய நிறுவனத்தின் டொமைனில் இருந்தது. அந்த டொமைன் காலாவதியாகியிருந்தது. எனவே பதிவைப் பற்றி யார் எழுதியிருந்தாலும் அக்கடிதம் எவரையும் சென்றடைந்திராது.

இன்னொன்றும் அப்போது தெரியவந்தது. எந்த ஏஎஸ் ஒரு தொகுதியை அறிவிக்கலாம் என்று கூறும் ஆர்ஓஏ எதுவும் எமது /22 க்கு இருக்கவில்லை. முகவரியின் உரிமையாளர் தமக்கு வழங்கப்பட்ட சான்றிதழின் வழியாகக் கையொப்பமிடும் இந்த ஆர்பிகேஐ ஆவணம் இருந்திருந்தால், ரவுட் சேர்வர் 64501 இன் அறிவிப்பைச் செல்லாதது என நிராகரித்திருக்கும். அது இல்லாதபோது ஐஆர்ஆர் பதிவு மட்டுமே சாட்சி. அந்தச் சாட்சி 2011 ஆம் ஆண்டின் நிலையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்றிரவு எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, 203.0.113.0/24 ஐ நாமே தனியாக அறிவிப்பது. இது பாதி மருந்துதான் என்று தெரிந்தே செய்தோம், ஏனெனில் இரு அறிவிப்புகளும் ஒரே /24 அளவுள்ளவையாகும்போது ஒவ்வொரு வலையமைப்பும் தனக்கு நெருங்கிய பாதையைத் தெரிவு செய்யும், பரிமாற்ற நிலையத்தில் நேரடியாக இணைந்தவர்களுக்கு 64501 தொடர்ந்தும் நெருக்கமாகவே இருக்கும். ஆயினும் பாதிப்பின் பரப்பு குறையும் என்பதால் அது செய்யத்தக்கதாக இருந்தது. இதற்கும் எமது இலக்கத்தில் ஒரு /24 பதிவு தேவைப்பட்டது. அதை ஏப்னிக் தளத்தில் உடனே இட்டோம். ஒரு மேலிணைப்பு வழங்குநர் எமது வேண்டுகோளின்படி வடிகட்டியைக் கையால் புதுப்பித்துத் தந்தார். மற்றவரிடம் இரவுச் சுழற்சி முடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது, சிங்கப்பூர் சேவை நிலையத்தை நேரடியாக அழைப்பது. கொழும்பில் மாலை 7 மணி என்றால் அங்கே இரவு 9.30. இரவுக் கடமையிலிருந்த பொறியியலாளர் பண்போடு பேசினார், ஆனால் அறிவிப்பை நிறுத்த மறுத்தார். தம்முடைய நிறுவனத்துக்கு அந்தத் தொகுதியை அறிவிக்க உரிமை உண்டு என்பதற்கு ஆதாரமாக அவர் வாசித்துக் காட்டியது அதே 2011 ஆம் ஆண்டுப் பதிவைத்தான்.

இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். பழைய பதிவு என்றால் ஒரு மூலையில் தூசி படிந்து கிடப்பது, யாருக்கும் கெடுதி இல்லாதது என்ற எண்ணம் எம் துறையில் பரவலாக உண்டு. அன்றிரவு அந்தப் பதிவு மூன்று வேலைகளைச் செய்தது. தவறான அறிவிப்புக்குக் கதவைத் திறந்தது, அதைப் பரப்பியவர்களுக்கு நியாயம் வழங்கியது, நல்லெண்ணத்தோடு செயற்பட்ட ஒரு பொறியியலாளர் உண்மையான உரிமையாளரை நம்பாமல் இருக்கக் காரணமாகவும் இருந்தது. அவரிடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன். எங்கிருந்தோ தொலைபேசியில் அழைக்கும் ஒருவரின் சொல்லுக்காக ஓர் அறிவிப்பை நிறுத்துவதும் ஆபத்தானதே.

ஏப்னிக் உரிமைப் பதிவையும் 2016 ஆம் ஆண்டு உடன்படிக்கை முடிவுக் கடிதத்தின் பிரதியையும் அனுப்பிய பின்னர், அவர் தமது மேலதிகாரியிடம் கேட்டு அறிவிப்பை நிறுத்தினார். பழுதான ரவுட்டர் ஒன்றுக்குப் பதிலாக வைத்த உபரி ரவுட்டரில் பழைய அமைவுக் கோப்பு ஏற்றப்பட்டிருந்ததும், அதில் இந்த /24 க்கு எஞ்சியிருந்த வரிகள் போக்குவரத்தை ஈர்த்து அப்படியே கைவிட்டதும் பின்னர் தெரியவந்தன. கெட்ட நோக்கம் எதுவும் இருக்கவில்லை.

துப்புரவுக்கு முன்பான கணக்கெடுப்பு

மறுநாள் முகாமைத்துவத்தின் எதிர்பார்ப்பு, எமக்குரியதல்லாத மூல இலக்கம் கொண்ட எல்லாப் பதிவுகளையும் உடனே நீக்க வேண்டும் என்பதாக இருந்தது. இதற்கு நாம் உடன்படவில்லை. குறித்த /24 பதிவை நீக்கும் கோரிக்கையை மட்டும் உடனே அனுப்பினோம். மற்றவற்றுக்கு முதலில் கணக்கெடுப்பு, பின்னரே நீக்கம் என முடிவானது. இந்த முடிவே இந்நிகழ்வில் மிகப் பயனுள்ளதாக அமைந்தது எனக் கருதுகிறேன்.

எமது முகவரிகள் தொடர்பாகப் பொதுப் பதிவேடுகளில் கிடைத்த ஒவ்வொரு பதிவையும் நான்கு சான்றுகளோடு ஒப்பிட்டோம்: ஏப்னிக்கின் உரிமை விவரம், எமது ரவுட்டர்கள் இன்று அறிவிப்பவை, ரைப் பதிவகமும் ஒரிகன் பல்கலைக்கழகத்தின் ரவுட்வியூஸ் திட்டமும் பேணிவரும் கடந்தகால அறிவிப்புகளின் சேமிப்பு, இறுதியாக எமது உடன்படிக்கைகளும் கட்டணச் சீட்டுகளும். நான்காவதைப் பொறியியலாளர்கள் பொதுவாகத் தேடுவதில்லை.

பதிவுகளில் பெரும்பாலானவை எளிதில் தீர்ந்தன. முன்னாள் மேலிணைப்பு வழங்குநர்கள் எம் சார்பில் இட்டவை, ஒரே தொகுதிக்கு இரு பதிவேடுகளில் இருந்தவை, சோதனைக்காக இட்டு மறந்தவை என அவை பிரிந்தன. ஒரு பதிவு மட்டும் குழப்பியது. எமது பழைய தொகுதியொன்றில் ஒரு /24 க்கு மூல இலக்கமாக 64502 இருந்தது. அந்த இலக்கத்தைப் பிரிவில் எவரும் அறிந்திருக்கவில்லை. சேமிப்பில் தேடியவரை அந்த மூலத்திலிருந்து ஓர் அறிவிப்பும் தென்படவில்லை. மூன்று சான்றுகளின்படி அது இறந்த பதிவு.

இளம் பொறியியலாளர் நான்காவது சான்றைக் கேட்டுக் கணக்குப் பிரிவுக்குப் போனார். அங்கிருந்த மூத்த அலுவலர் பற்றுச்சீட்டுக் கோவையைப் புரட்டி ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். "இதைத்தானே தேடுறீங்கள் தங்கச்சி? காலாண்டுக்கொருக்கா டொலரிலை கட்டிக்கொண்டு வாறம். என்னத்துக்கெண்டு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து கேக்கேல்லை" என்றார். அது சேவை மறுப்புத் தாக்குதல்களை வடித்து அகற்றும் வெளிநாட்டு ஸ்க்ரப்பிங் சேவையொன்றின் கட்டணம். காலி வீதியிலுள்ள நிதி நிறுவனமொன்றின் சேர்வர்களைக் காப்பதற்காக, முன்பிருந்த முகாமையாளர் அதைப் பெற்றிருந்தார். தாக்குதல் நிகழும்போது மட்டுமே 64502 அந்த /24 ஐத் தன் பெயரில் அறிவித்து, கெட்ட போக்குவரத்தை வடித்து, மீதியை எமக்கு அனுப்பும். தாக்குதல் நிகழாத காலத்தில் அந்தப் பதிவு இறந்ததைப் போலவே தோன்றும்.

அதை நீக்கியிருந்தால் உடனடியாக எதுவும் கெட்டிருக்காது. தாக்குதல் வரும் நாளில், பாதுகாப்பை இயக்கிய அந்தக் கணத்தில், அறிவிப்பு வடிகட்டிகளில் சிக்கி நின்றிருக்கும். சந்தேகத்துக்குரிய பதிவை, அதற்குரியவர் ஒருவரைக் கண்டு கேட்கும்வரை நீக்குவதில்லை என்ற விதி அன்றே எழுதப்பட்டது.

நீக்கமும் அதன் ஒழுங்கும்

வேலையின் வரிசையை மாற்றமின்றிக் கடைப்பிடித்தோம். முதலில் சரியான பதிவு ஏப்னிக்கில் இருப்பதை உறுதி செய்தோம், பின்னர் மேலிணைப்பு வழங்குநர்கள் அனைவரும் வடிகட்டிகளைப் புதுப்பிக்கக் காத்திருந்தோம், வெளியிலிருந்து சோதித்தோம், அதன் பின்னரே பழையதை நீக்கினோம். முந்தி நீக்கினால், பழைய பதிவை மட்டுமே நம்பி எமது தொகுதியை ஏற்றுக்கொண்டிருந்த ஏதாவது ஒரு வலையமைப்பு, இரவோடிரவாக எம்மைக் கைவிட்டிருக்கும்.

நீக்குவதற்கு அதிகாரம் வேண்டும். சில பதிவுகளின் பராமரிப்புக் கணக்குகள், வேலையை விட்டுச் சென்ற ஒருவரின் கடவுச்சொல்லில் இருந்தன. ஏப்னிக்கில் இது சிக்கலாகவில்லை, ஏனெனில் உறுப்பினர் தளம் வழியாகவே அதை மீட்க முடிந்தது. மூன்றாம் தரப்புப் பதிவேடுகளோ, உரிமையாளரின் கோரிக்கை ஏப்னிக் ஆவணத்திலுள்ள தொடர்பு முகவரியிலிருந்தே வர வேண்டும் என்றன. நியாயமான நிபந்தனைதான். ஆனால் அந்தத் தொடர்பு முகவரியும் ஒரு தனிநபரின் பழைய முகவரியாக இருந்ததால், அதைத் திருத்துவதே முதல் வேலையாயிற்று. இப்போது அந்த இடத்தில் இருப்பது ஒரு பொதுப் பதவி முகவரி. அதற்கு வருபவை இருவருக்கு ஒரே நேரத்தில் போய்ச் சேருகின்றன.

ஆர்ஓஏக்களை இறுதியாக இட்டோம். /22 க்கு ஒன்று, நாம் தனியாக அறிவித்த /24 க்கு ஒன்று, நிதி நிறுவனத்துக்குரிய /24 க்கு 64500 இலும் 64502 இலும் ஒவ்வொன்று என அமைத்தோம். /24 வரையான எல்லாத் துண்டுகளையும் அனுமதிக்கும் ஒரே ஆர்ஓஏ போடுவது சுலபமாக இருந்திருக்கும். அப்படிச் செய்தால், எமது இலக்கத்தைப் போலியாக மூலமாகக் காட்டி யாராவது ஒரு துண்டை அறிவித்தாலும் அது செல்லுபடியாகிவிடும். 2022 இல் வெளியான ஆர்எஃப்சி 9319 இதனாலேயே அறிவிக்கும் தொகுதி அளவுகளுக்கு மட்டும் அனுமதி வழங்கும்படி பரிந்துரைக்கிறது. கையொப்பமிடுவதற்கு முன்னர், எமது அறிவிப்புகளில் எது செல்லாததாகிவிடும் என்பதையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம்.

விளைவுகள்

பதிவேடுகளின் பதில்கள் பலவிதமாக வந்தன. ஐஆர்ஆர்டி என்ற பதிவேட்டு மென்பொருளின் நான்காம் பதிப்பை ஆர்பிகேஐ சரிபார்ப்போடு இயக்கும் ஒரு பதிவேட்டில், ஆர்ஓஏக்களோடு முரண்பட்ட பதிவுகள் எமது மின்னஞ்சலுக்குப் பதில் வருவதற்கு முன்பே தேடல் விடைகளிலிருந்து மறைந்துவிட்டன. வேறொன்று ஆவணங்களைக் கேட்டுப் பெற்ற பின்னர் நீக்கியது. சிங்கப்பூர் சேவை நிலையம் தான் இட்டிருந்த 2011 ஆம் ஆண்டுப் பதிவைத் தானே நீக்கியதோடு, விலகிச் சென்ற வேறு வாடிக்கையாளர்களின் பதிவுகளையும் தேடத் தொடங்கியதாக எமக்கு எழுதியது.

சில மாதங்கள் கழித்து நிதி நிறுவனத்தின் சம்மதத்தோடு, ஒரு ஞாயிறு அதிகாலையில் ஸ்க்ரப்பிங் சேவையை ஒத்திகையாக இயக்கினோம். 64502 இன் அறிவிப்பு நாம் பார்த்த எல்லா லுக்கிங் கிளாஸ்களிலும் செல்லுபடியானது என்ற குறியோடு தெரிந்தது. அந்த உடன்படிக்கை தொடங்கிய நாளிலிருந்து அது சோதிக்கப்பட்டதற்கான குறிப்பு எதுவும் கோவையில் இல்லை.

தேயிலை நிறுவனத்துக்கு நடந்ததை எழுத்தில் விளக்கினோம். அவர்கள் கேட்ட ஒரே கேள்வி, இனிமேல் கொழும்பில் திறக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக முறைப்பாடு மூடப்படுமா என்பதுதான். அக்கேள்வி உதவி மையத்தின் நடைமுறையை மாற்றியது. வெளிநாட்டிலிருந்து வரும் முறைப்பாட்டை, முறைப்பாட்டாளரின் நாட்டுக்கு அருகிலுள்ள லுக்கிங் கிளாஸில் தேடிப் பாராமல் இப்போது மூட முடியாது.

மாற்றப்பட்டவையும் எஞ்சியிருப்பதும்

ரவுட் பதிவு இருந்தால்தான் இணைப்பு இயங்கும் என்பதால் அதை இடுவதற்கு எப்போதும் ஓர் அவசரம் உண்டு. நீக்குவதற்கு அத்தகைய அவசரம் ஒருபோதும் வருவதில்லை. இந்தச் சமனின்மையைத் தனிநபர் அக்கறையால் சரிக்கட்ட முடியாது என்பதால் அதை உடன்படிக்கைகளுக்குள்ளேயே கொண்டுவந்தோம். மேலிணைப்பு, இடவசதி, பாதுகாப்பு எனப் பிறர் எமது முகவரியை அறிவிக்கும் எந்த உடன்படிக்கையும், அவர்கள் எம் சார்பில் இட்ட பதிவுகளை முடிவுநாளில் நீக்கி எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்ற வாசகத்தோடுதான் இப்போது கையொப்பமாகிறது. எமது வாடிக்கையாளர்களுக்காக நாம் இடும் பதிவுகளுக்கும் அதே கடப்பாட்டை ஏற்றுள்ளோம். நிறுவனமொன்றை வாங்கும்போது சட்டப் பிரிவு பார்க்கும் பட்டியலில், முகவரிகளோடு அவற்றின் ஐஆர்ஆர் பதிவுகளும் சேர்க்கப்பட்டுள்ளன.

பிறர் எமது தொகுதிகளை அறிவித்தால் எச்சரிக்கும் பிஜிபிஅலேர்ட்டர் என்ற திறந்த மூல மென்பொருள் நிறுவப்பட்டுள்ளது. காலாண்டுதோறும் பதிவுகள் கணக்குப் பிரிவின் கட்டணப் பட்டியலோடு ஒப்பிடப்படுகின்றன, அந்தக் கூட்டத்தில் கணக்கு அலுவலரும் அமர்கிறார்.

ஒரு பதிவு இன்னும் எஞ்சியுள்ளது. பிராந்திய மேலிணைப்பு வழங்குநரொருவர் தமது சொந்தப் பதிவேட்டில் பழைய பிரதியொன்றை வைத்திருக்கிறார். அங்கே ஆர்பிகேஐ சரிபார்ப்பு இல்லை, எமது கடிதங்களுக்குப் பதிலும் வரவில்லை. ஆர்ஓஏ இருப்பதால் அந்தப் பதிவை வைத்து யாராவது அறிவித்தாலும் பெரிய வலையமைப்புகள் அதை ஏற்கமாட்டா. ஆயினும் அந்த வழங்குநரின் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்படலாம். அந்த வரி கண்காணிப்புப் பட்டியலில் திறந்தே வைக்கப்பட்டு, ஒவ்வொரு காலாண்டுக் கூட்டத்தின் பின்னரும் அவருக்கு மீண்டும் எழுதப்படுகிறது.